ஏறச் சொன்னது யார்?

அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஊரில் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். பார்க்காதவர்கள் ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிபட்டு வந்தவரின் பெயர், வயது, கூட்டி வந்தவர், வந்த நேரம், எங்கே, எப்படி அடிபட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். 'எப்படி' என்ற இடத்தில் எங்கள் பக்கத்தில் அடிக்கடி நான் பார்ப்பது ஒரே வரிதான்: மரத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது. அது யாருடைய மரம், எதற்காக ஏறினார், யார் ஏறச் சொன்னார், என்ன கூலி பேசினார்கள் என்பதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் சமூகப் பணியாளர். தண்டுவடம் அடிபட்டு வீட்டோடு கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. எம்.ஏ. சமூகவியல் படித்தபோது யோஹான் கால்டுங் 1969-இல் எழுதிய 'கட்டமைப்பு வன்முறை' பற்றித் தேர்வுக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். அடிக்கிற கை கண்ணுக்குத் தெரியாத வன்முறை என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். அந்த நான்கு பக்கத்தையும் இன்று எழுதச் சொன்னால் ஒரு ஏ.ஆர். காப்பியை இணைத்துக் கொடுத்துவிடுவேன்.

முதலில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. எலும்பு முறிந்தால் கூடும். அதற்குள்ளே ஓடுகிற தண்டுவடம், அதாவது மூளைக்கும் உடம்புக்கும் நடுவே சேதி கொண்டுபோகிற நரம்புக் கற்றை, நசுங்கிவிட்டால் அதைப் பழையபடி ஆக்குகிற வைத்தியம் இன்றுவரை இல்லை. கழுத்துப் பகுதியில் முழுதாக அடிபட்டால் கை கால் நான்கும் போகும், மூச்சுக்கே சிரமம் வரலாம். நெஞ்சு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தை டாக்டர்கள் டி12, எல்1 என்று எழுதுவார்கள். அங்கே அடிபட்டால் கை நன்றாக இருக்கும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மரத்திலிருந்து காலூன்றியோ உட்கார்ந்த வாக்கிலோ விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நொறுங்குவது அந்த இடம்தான். நடக்க முடியாது என்பது வெளியில் தெரிகிற பாதி. மூத்திரம் எப்போது நிறைகிறது என்று தெரியாது, மலம் போவது தெரியாது, படுத்த இடத்தில் சதை அழுகினாலும் வலிக்காது. இது வெளியில் தெரியாத பாதி. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதி.

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2013 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 2.5 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை புதிதாகத் தண்டுவடப் பாதிப்புக்கு ஆளாகிறார்கள், 10 லட்சம் மக்களுக்கு 40 முதல் 80 பேர் என்று அதில் மதிப்பிட்டார்கள். அதில் 90 சதவீதம் வரை அடிபடுவதால் வருவது: சாலை விபத்து, விழுதல், வன்முறை. ஆண்கள் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். இளைஞர்களில் 20 முதல் 29 வயது ஆண்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இவர்கள் சீக்கிரம் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 5 மடங்கு. 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்ட மக்கள்தொகை 16,18,345. அந்த உலக விகிதம் இங்கும் பொருந்தும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 65 முதல் 130 பேர் வருகிறார்கள். பத்து ஆண்டில் ஓர் ஊரே சேர்ந்துவிடும். பொருந்துகிறதா இல்லையா என்று சரிபார்க்கப் போனால் பதிவேடு இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் விழுந்து செத்தவர்களை எண்ணுகிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சாலையில் அடிபட்டவர்களை எண்ணுகிறது. வேப்ப மரத்திலிருந்து விழுந்து உயிரோடு கிடக்கிறவர் இந்த இரண்டு புத்தகத்திலும் இல்லை.

பணக்கார நாடுகளில் இளைஞர்களின் தண்டுவடத்தை உடைப்பது கார்கள். நம் பக்கத்து நாடுகளில் கதை வேறு. பங்களாதேஷில் டாக்கா அருகே சாவரில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. வேலரி டெய்லர் என்ற ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட் 1979-இல் தொடங்கியது. அங்கே வந்தவர்களைப் பற்றி 1990-களில் ஓர் ஆய்வு செய்தார்கள். உயரத்திலிருந்து விழுவது முதல் காரணமாக இருந்தது. தலைச்சுமையோடு விழுவது தனிக் காரணமாகவே பட்டியலில் ஏறியது. அதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மேற்கத்தியப் பாடப்புத்தகத்தில் தலைச்சுமை என்ற காரணத்தை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் விறகுக் கட்டும் சிமெண்டு மூட்டையும் நெல் மூட்டையும் யார் தலையில் ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். சுமையோடு தடுக்கி விழும்போது மூட்டை கழுத்தை மடக்கிக்கொண்டு இறங்குகிறது. கழுத்து என்றால் கை கால் நான்கும். இந்தியாவிலும் பல மருத்துவமனைகளின் ஆய்வுகளில் விழுவதுதான் முதலிடத்தில் நிற்கிறது: மரம், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, கிணறு, சாரம்.

புதுக்கோட்டையில் இது எப்படி என்றால், காலண்டரைப் பார்த்தே சொல்லலாம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் கஜா புயல் சாய்த்தது போக மிஞ்சிய தென்னைகள். 2018 நவம்பர் 16-க்குப் பிறகு வைத்த கன்றுகளும் இப்போது ஏறுகிற உயரத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. மாசி, பங்குனியில் புளி. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை அரசு ஏலம் விடும். குத்தகை எடுத்தவர் கீழே நிற்பார். உலுக்க மேலே போகிறவர் வேறு. அதே மாதங்களில் மேய்ச்சல் காய்ந்துவிடுவதால் ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஏறுவார்கள். கோடையில் கிணறு தூர் வாருவது, ஆழப்படுத்துவது. ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்றுவது, கரண்டுக் கம்பியில் உரசுகிற கிளையை வெட்டுவது. நடுவில் ஆண்டு முழுக்க சித்தாள் வேலை, வெள்ளை அடிக்கும் வேலை, தைலமரம் வெட்டி லாரியில் ஏற்றும் வேலை. சொந்த மரத்தில் ஏறி விழுந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாச் சாதியிலும் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலித்துகள் மட்டும்தான் விழுகிறார்கள் என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் அடுத்தவன் மரத்தில் அடுத்தவன் சொல்லி ஏறுவது யார் என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நான் போகும் வீடுகளில் அந்தப் பங்கு பொருந்தவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கண் கணக்கு ஆய்வு ஆகாது. கணக்கு வேண்டுமென்றால் யாராவது சாதியைக் கேட்டு எழுத வேண்டும். மருத்துவ ஆய்வுகள் வயது, பால், காரணம், எந்த எலும்பு, தொழில் என்று வரிசையாக எழுதுகின்றன. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதி முடித்துவிடுகின்றன. எங்கள் மாவட்டத்தில் 'கூலி' என்ற சொல்லுக்குள் ஒரு சாதி வரைபடமே மடித்து வைத்திருக்கிறது.

எண்ணத் தெரியாத அரசு என்று இதைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலேயே அதிகமாக ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டம் எங்களுடையது. தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் வாடிவாசல் திறக்கும். வாடிவாசலுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ், மருத்துவக் குழு, மாடுபிடி வீரர்களுக்கு உடல் பரிசோதனை எல்லாம் இருக்கும். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துச் சாதனை என்று அறிவித்தார்கள். அன்று இரண்டு பேர் இறந்தார்கள். ஜல்லிக்கட்டு முடிந்த மாலையே எத்தனை காளை, எத்தனை பேருக்குக் காயம், எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள் என்று செய்தி வந்துவிடுகிறது. அது நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. பங்குனி மாதத்துப் புளியமரத்தடியில் ஒரு வடக்கயிறுகூட இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது ஒரு வீடு. திருமயம் தாலுகாவில் ஒரு காலனி, ஊர்ப் பெயர் வேண்டாம். முப்பது வயதுக்காரர். ஊர்க்காரர் ஒருவர் தோட்டத்தில் வேப்ப மரத்துக் கிளை கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்று வெட்டக் கூப்பிட்டிருக்கிறார். கிளையோடு ஆளும் வந்துவிட்டார். எல்1 நொறுங்கியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே தோட்டக்காரர் வீட்டு ஆள் காதில் சொல்லியிருக்கிறார், "வீட்டுல ஓடு மாத்துறப்ப விழுந்தேன்னு சொல்லிரு, கேசு கீசுன்னு அலைய வேணாம், செலவ நாங்க பாத்துக்கறோம்." அவர் அம்மா என்னிடம் சொன்னது: "அவுக பதினஞ்சாயிரம் குடுத்தாக பாப்பா. நல்ல மனுசந்தான். நாளைக்கு அவுக வயக்காட்டுலதான் நாங்க நிக்கணும்."

நான் அந்த அம்மாவிடம் சட்டம் பேசவில்லை. மகனிடம் பேசினேன், நாட்டாமை வீட்டுத் திண்ணை கேட்காத தூரத்தில். 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனையேறுவதும் மரம் வெட்டுவதும் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்திலேயே இது ஆபத்தான வேலை என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அன்றாடங்காய்ச்சி வேலை செய்கிறவர் தொழிலாளி ஆகமாட்டார் என்று அதில் இருந்த ஓட்டையை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இழப்பீட்டுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. கணக்கு எப்படி என்றால், நிரந்தரமாக முழு முடக்கம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதம், அதை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 1923 சட்டத்தின் அட்டவணைப்படி 30 வயதுக்கு அந்த எண் 207.98. மாதம் 12,000 ரூபாய் கூலி என்று வைத்தால் 7,200 பெருக்கல் 207.98, அதாவது 14 லட்சத்து 97 ஆயிரத்துச் சொச்சம். கையில் வந்தது 15,000. நூற்றில் ஒரு பங்கு. எந்த வேலை அட்டவணைக்குள் வரும், தேங்காய் பறிப்பதும் புளி உலுக்குவதும் வருமா என்பதெல்லாம் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அந்த ஏ.ஆர். காப்பி. 'வீட்டில் ஓடு மாற்றும்போது' என்று ஒருமுறை ஏறிவிட்டால் அதைத் துடைக்கப் படாத பாடு பட வேண்டும்.

அதே வரி இன்னொரு இடத்திலும் உயிரை வாங்குகிறது. அடித்து, தள்ளி, முதுகில் மிதித்து உடைத்த கேஸ்களில் 'விழுந்தார்' என்று எழுதிவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வராது. 2016-இல் திருத்திய விதிகளின்படி வன்கொடுமையால் 100 சதவீத முடக்கம் என்றால் நிவாரணம் 8,25,000 ரூபாய். கொலைக்குக் கொடுக்கிற அதே தொகை. 50-க்கு மேல் 100-க்குள் என்றால் 4,50,000. தோழர்கள் ஸ்டேஷன் வாசலில் எஃப்.ஐ.ஆருக்கு நிற்கிறீர்கள், நல்லது. ஒருவர் ஆஸ்பத்திரி வாசலிலும் நில்லுங்கள். எழுதுகிற டாக்டருக்கு முன்னால் அடிபட்டவரே தன் வாயால் சொல்லட்டும்.

சாலையில் விழுந்தால் ஒரு நியாயம், மரத்திலிருந்து விழுந்தால் ஒரு நியாயம் என்பது திட்டங்களிலும் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' உண்மையிலேயே நல்ல திட்டம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, தொடங்கும்போது 1 லட்சம் ரூபாய் வரை, யார் எவர் என்று பார்க்காமல் சிகிச்சை. ஆனால் சாலை விபத்துக்கு மட்டும். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' காப்பீடு இருக்கிறது. இறப்புக்கும் முழு நிரந்தர முடக்கத்துக்கும் அதில் இழப்பீடு உண்டு. நான் கேட்ட தென்னந்தோப்புக் காலனிகளில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களையே தேட வேண்டியிருந்தது.

விழுந்த பிறகு நடக்கிற ஒரு விஷயத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விழுந்தவரைப் பார்த்ததும் நம் ஆட்கள் பதறிப்போய் அக்குளில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்துத் தூக்குவார்கள். முதுகு தொட்டில் மாதிரி மடியும். அல்லது பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் அணைத்துக்கொண்டு போவார்கள். நொறுங்கிய எலும்பு அப்போது பிஞ்சுபோன தண்டுவடத்தில் இன்னும் ஆழமாகக் குத்தும். விழுந்தபோது கால் விரல் அசைந்தது, ஆஸ்பத்திரி போனபோது அசையவில்லை என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதுகோ கழுத்தோ வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் அசைக்காதீர்கள். 108 வரும்வரை தலையை ஒருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நேராக வைத்திருக்க வேண்டும். வேறு வழியே இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கதவையோ பலகையையோ கொண்டுவந்து, நான்கைந்து பேர் சேர்ந்து மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் புரளும்படி புரட்டி அதில் கிடத்துங்கள். காலனிக்குள் ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லாத தெருக்கள் நம்மிடம் ஏராளம். அங்கே யாரிடம் பலகை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆபரேஷன் இப்போதெல்லாம் நடந்துவிடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ராடு வைத்துவிடுகிறார்கள். புதுக்கோட்டையில் 2017-இலிருந்து மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்பு எல்லாவற்றுக்கும் தஞ்சாவூர் மெடிக்கல்தான். ராடு எலும்பை நிறுத்தும், நரம்பை எழுப்பாது. இதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. தையல் பிரித்து ஒரு பையில் எக்ஸ்ரேவும் மூத்திரப் பையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "ஆறு மாசத்துல சரியாயிரும்னாக" என்று ஆறு ஆண்டு கழித்தும் சொல்கிற வீடுகள் இருக்கின்றன.

தண்டுவடம் போனவர் வாழ முடியும் என்று உலகம் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. லுட்விக் குட்மன் என்ற யூத டாக்டர், நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர், 1944-இல் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் போர்வீரர்களுக்கு வார்டு தொடங்கினார். அதற்கு முன் இப்படி அடிபட்டவர்கள் படுக்கைப்புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் சீக்கிரமே செத்துப்போவார்கள். அவர் செய்ததில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது, மூத்திரத்தைச் சுத்தமாக வெளியேற்றியது, கைக்கு வேலையும் விளையாட்டும் கொடுத்தது. 1948 ஜூலை 29 அன்று அவர் நடத்திய போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வந்தது. நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்று வந்து துறையை நடத்தினார். 1966-இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் வந்தது. கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் 1975-இல் விழுந்து கழுத்து முறிந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்களை நான் மதிக்கிறேன். இவர்கள் விழும்போது கையில் ஒரு படிப்பு இருந்தது என்பதையும் கவனிக்கிறேன். எங்கள் ஆள் விழும்போது கையில் அரிவாள் இருந்தது. அவருடைய மூலதனம் முழுக்க இடுப்புக்குக் கீழே இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 12 தடவை. இதைச் செய்ய ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆள் மனைவி. அவர் வீட்டில் இருந்தால் சோறு கிடையாது, நடவுக்குப் போனால் காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை புரட்ட ஆள் கிடையாது. புட்டத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவக்கும். பத்து நாளில் எலும்பு தெரியும். இதைப் 'பராமரிப்புக் குறைவு' என்று மருத்துவக் குறிப்பில் எழுதுகிறார்கள். எட்டு மணி நேரக் கூலியை யார் விட்டுக்கொடுக்க முடியும் என்ற கேள்வியை இவ்வளவு சுருக்கமாக மூடி வைக்க ஒரு மருத்துவக் குறிப்பால்தான் முடியும்.

தொகுப்பு வீட்டின் கதவில் சக்கர நாற்காலி நுழையாது. நுழைந்தாலும் வாசலில் மூன்று படி. கழிப்பறைக்கு மேலும் இரண்டு படி. சிமெண்டு ரோடு ஊரோடு நின்றுவிடும், காலனிக்கு மண் பாதை. அரசு கொடுத்த சக்கர நாற்காலியில் கோழி அடைந்திருப்பதைப் பார்த்துவிட்டு 'கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியாது' என்று ஒரு அதிகாரி என் காதுபடச் சொன்னார். காசு கொடுத்துக் கூட்டி வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே பயிற்சியை வாயால் சொல்லிவிட்டுப் போனார். தொட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. 2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி இயன்முறை சிகிச்சை தருகிறது, கேட்டு வாங்குங்கள். நிரந்தரமாகக் குழாய் போட்டு வைப்பதைவிட நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே குழாய் விட்டு மூத்திரம் எடுக்கப் பழகினால் தொற்று குறையும். கை நன்றாக இருப்பவர் இதைச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். கைகழுவ வீட்டில் தண்ணீர் வேண்டும். வேங்கைவயல் இருக்கிற மாவட்டத்தில் தண்ணீர் என்ற சொல்லை எழுதும்போது கொஞ்சம் நின்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தண்டுவடப் பாதிப்பு தனிப்பெயராக இல்லை. இயக்கக் குறைபாடு என்ற தலைப்புக்குள் போய்விடுகிறது. அதனால் அட்டை கொடுத்தவர்களின் கணக்கை எடுத்தாலும் போலியோ வந்தவரும் இவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், பிரிக்க முடியாது.

பெண்கள் குறைவாக விழுகிறார்கள் என்று எல்லா அட்டவணையும் சொல்கிறது. நான் பார்த்த சிலரில் ஒருவர் விறகுக் கட்டோடு வரப்பில் சறுக்கியவர். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு விறகு எடுக்கப் போனது வேலையா, இல்லையா? எந்தச் சட்டத்தின் அட்டவணையிலும் அதற்கு முதலாளி இல்லை. புருஷன் விழுந்தால் மனைவி புரட்டுகிறார். அத்தையைப் புரட்டியது பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வந்த மகள்.

சமூகவியலோ சமூகப்பணியோ பொது சுகாதாரமோ படிக்கிறவர்கள் ஆய்வுத் தலைப்பு கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். இதை எடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் மூன்று ஊராட்சி போதும். ஊரையும் காலனியையும் சேர்த்து வீடு வீடாகப் போங்கள். விழுந்து உயிரோடு இருப்பவர், விழுந்து சில ஆண்டில் இறந்தவர் இருவரையும் கேளுங்கள். இறந்தவரின் சான்றிதழில் காய்ச்சல் என்றோ கிட்னி என்றோ இருக்கும், வீட்டில் கேட்டால்தான் மரம் வெளியே வரும். வயது, எலும்பு, ஆஸ்பத்திரி எல்லாம் கேளுங்கள், கூடவே மரம் யாருடையது, நிலம் யாருடையது, யார் கூப்பிட்டது, கூலி எவ்வளவு, ஏ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது, யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்பதையும். சாதியை அவர்கள் வாயால் சொன்னபடி எழுதுங்கள், சம்மதம் கேட்டு. புண்ணைப் படம் எடுத்துப் பதிவு போடாதீர்கள். கூப்பிட்டவர் பெயரைக் குடும்பம் சொல்லத் தயங்கினால் அழுத்தாதீர்கள், அவர்கள் நாளைக்கும் அந்த வயலில் நிற்க வேண்டியவர்கள்.

எங்கள் பக்கத்தில் அடுத்த புளி ஏலத்துக்கு முன்னால் ஒரு மனு தயாராகிறது. ஏலம் விடும் அலுவலகத்துக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல். குத்தகை நிபந்தனையில் மூன்று வரி சேர்க்கக் கேட்கிறோம்: ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் குத்தகைதாரர் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், இடுப்புப் பட்டையும் கயிறும் அவர் செலவு, காப்பீட்டுச் சீட்டு இல்லாமல் மரத்தில் ஆள் ஏறக் கூடாது. பெயர்ப் பட்டியல் என்ற முதல் வரியில்தான் சண்டை வரும் என்று நினைக்கிறேன். பெயர் இருந்தால் பிறகு 'வீட்டில் ஓடு மாற்றும்போது' என்று எழுத முடியாது.